குலசையின் பலம் தெற்குத் திசைதான்

குலசை என்று சுருக்கமாக அழைக்கப்படும் குலசேகரன்பட்டினத்தில் ஏன் ராக்கெட் ஏவுதளம் என்று கேட்டால், 'நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால்தான்' என்று பலரும் சட்டென்று சொல்கிறார்கள். பள்ளியில் படித்த பாடம்தான் இது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. நடுக்கோட்டில் அந்தச் சுழற்சியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 465 மீட்டர். கிழக்குப் பார்த்து ஏவினால் அவ்வளவு வேகமும் செலவில்லாமல் கிடைத்துவிடும். பாடத்தில் பிழையே இல்லை. ஆனால் குலசைக்கு அது பொருந்தாது.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். குலசையில் தரையின் சுழற்சி வேகம் நொடிக்குச் சுமார் 460 மீட்டர், ஏற்கெனவே ஏவுதளம் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவில் சுமார் 452. வித்தியாசம் 8 மீட்டர்தான். பூமியிலிருந்து 500 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் சுற்றிவர நொடிக்கு 7,600 மீட்டர் வேகம் வேண்டும். அதற்கு முன்னால் இந்த 8 மீட்டர் எம்மாத்திரம்! போதாததற்கு, குலசைக்கு நேர் கிழக்கே இலங்கை இருக்கிறது. அந்தத் திசையில் ராக்கெட் விடவே முடியாது.

குலசையின் பலம் தெற்கில் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே பார்த்தால் அண்டார்டிகா வரை பெருநிலம் எதுவும் குறுக்கிடுவதில்லை.

தெற்குத் திசைக்கு ஏன் இத்தனை மதிப்பு? வயலையும் ஏரியையும் காட்டையும் படம் பிடிக்கும் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை துருவங்களை ஒட்டிச் சுற்றுபவை. அவை வடக்கு தெற்காகச் சுற்ற, கீழே பூமி தன் போக்கில் சுழன்று எல்லா ஊரையும் காட்டிவிடும். சுற்றுப்பாதையின் சாய்வை 98 டிகிரி அளவில் வைத்தால் இன்னொரு வசதியும் உண்டு. ஒவ்வோர் ஊரையும் அவை எப்போதும் ஒரே உள்ளூர் நேரத்தில் கடக்கும். போன வாரத்துப் படத்திலும் இந்த வாரத்துப் படத்திலும் வெயில் ஏறக்குறைய ஒரே பக்கத்திலிருந்து விழுவதால் பயிரில் நேர்ந்த மாற்றம் தெளிவாகத் தெரியும். இப்படிப்பட்ட பாதைக்கு ராக்கெட் தெற்கே, சற்றே மேற்காகச் சாய்ந்து போக வேண்டும். பூமி தருகிற கிழக்கு வேகம் இங்கே சுமையாகிவிடுகிறது. எரிபொருளைச் செலவழித்து அதைக் கழித்தாக வேண்டும்!

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தத் திசையில் ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள். அது சென்னை, நாகப்பட்டினம் வட்டாரங்களின் மேலாகப் போய் யாழ்ப்பாணத்தை ஒட்டிச் செல்லும். மக்கள் நெருங்கி வாழும் இடங்களுக்கு மேலே ராக்கெட்டை விட முடியுமா? அதனால் அங்கிருந்து கிளம்பும் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் முதலில் தென்கிழக்கே வங்கக் கடலுக்கு மேல் போய், இலங்கையைச் சுற்றிக்கொண்டு, பிறகு தெற்கே திரும்புகிறது.

இந்தத் திருப்பத்தில்தான் எரிபொருள் கரைகிறது. சாலையில் பேருந்து வளையும்போது டயரைத் தரை பிடித்துக்கொள்கிறது. ராக்கெட்டுக்கு அப்படி ஒரு பிடிமானம் கிடையாது. கொஞ்சம் திரும்புவதானாலும் எஞ்சினின் உந்துவிசையைத்தான் செலவிட வேண்டும். வேகம் கூடக்கூட அந்தச் செலவும் அதே விகிதத்தில் கூடும். நொடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் போகிற ராக்கெட்டுக்கு, வேகம் மாறாமல் 50 டிகிரி திரும்ப நொடிக்கு 1.7 கிலோமீட்டர் அளவுக்கு உந்துதல் தேவை. 7.6 கிலோமீட்டர் வேகத்தை எட்டிய பிறகு அதே திருப்பத்துக்கு 6.4 கிலோமீட்டர் வேண்டும். புதிதாக இன்னொரு ராக்கெட் ஏவுவதற்கு ஏறத்தாழ ஈடான செலவு அது.

அப்படியானால் கிளம்பியவுடனேயே திருப்பிவிடலாமே? அதற்குப் பாதுகாப்பு விதி இடம் கொடுப்பதில்லை. ராக்கெட் பறக்கும்போது ஏவுதளக் கணினிகள் நொடிக்கு நொடி ஒரு கேள்விக்கு விடை தேடிக்கொண்டே இருக்கும். இந்தக் கணத்தில் எஞ்சின் நின்றுபோனால் மிச்சம் எங்கே விழும்? அந்த இடம் முதலில் ஏவுதளத்துக்குப் பக்கத்துக் கடலில் இருக்கும். வேகம் ஏற ஏற நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் முன்னால் பாயும். ராக்கெட் சுற்றுப்பாதையை அடைந்துவிட்டால் விழும் இடம் என்று ஒன்றே இருக்காது. அதுவரை அந்தப் புள்ளி ஊர்களின் மேல் படக் கூடாது. படும் என்று தோன்றினால் ராக்கெட்டை நாமே வெடித்துத் தகர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. 2010 டிசம்பர் 25 அன்று ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் கட்டுப்பாடிழந்தபோது அதைத்தான் செய்தார்கள். ஆகவே திருப்பம் சீக்கிரமாக நடந்தால் இலங்கைக்கு ஆபத்து. தாமதமானால் எரிபொருள் போதாது. இரண்டுக்கும் நடுவே வழி கண்டுபிடித்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாக பி.எஸ்.எல்.வி.யைச் செலுத்திவரும் நம் பொறியாளர்களின் திறமை கொண்டாடத் தக்கது.

பி.எஸ்.எல்.வி. 44 மீட்டர் உயரமும் சுமார் 320 டன் எடையும் கொண்ட பெரிய ராக்கெட். வீண்செலவை அதனால் தாங்க முடியும். அதன் தம்பியான எஸ்.எஸ்.எல்.வி. 34 மீட்டர் உயரம், 120 டன். முதல் மூன்று அடுக்குகளும் திட எரிபொருள். இலக்கு, 500 கிலோமீட்டர் உயரத்துக்கு 500 கிலோ சுமை. ஒரு கணக்கு பாருங்கள். மேலே போய்ச் சேரும்போது ராக்கெட்டின் கடைசி அடுக்கும் செயற்கைக்கோளும் சேர்ந்து 1,000 கிலோ, அதில் செயற்கைக்கோள் 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். திருப்பத்துக்காக நொடிக்கு அரை கிலோமீட்டர் உந்துதல் கூடுதலாகச் செலவானால், ரஷ்ய அறிஞர் சியோல்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்ட ராக்கெட் சமன்பாட்டின்படி அந்த 1,000 கிலோ சுமார் 840 ஆகச் சுருங்கிவிடும். அடுக்கின் உலோகக் கூட்டைக் குறைக்க முடியாது. ஆக, குறைகிற 160 கிலோவும் செயற்கைக்கோளின் எடையிலிருந்துதான் போக வேண்டும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது! சிறிய ராக்கெட்டுக்கு இந்த வளைவு கட்டுப்படியாகாது. குலசை அதற்காகவே தேர்வான இடம்.

2024 பிப்ரவரி 28 அன்று குலசை ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதே நாளில் அங்கிருந்து ரோகிணி ஆர்.எச். 200 என்ற சிறிய ஆய்வு ராக்கெட் விண்ணில் பாய்ந்தது. ஸ்ரீஹரிகோட்டாவின் வேலை இதனால் குறைந்துவிடாது. கிழக்கு நோக்கிய ஏவுதல்களுக்கும் பெரிய ராக்கெட்டுகளுக்கும் அதுவே உரிய இடம்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. குலசையின் முன்னால் விரிந்து கிடக்கும் கடல் ராக்கெட்டுக்குத்தான் வெற்றுக் கடல். பக்கத்து ஊரான மணப்பாட்டு மீனவருக்கு அது தொழில் செய்யும் இடம். எரிந்து முடிந்த அடுக்குகள் விழும் பகுதியில் ஏவும் நாளன்று படகு நுழையக் கூடாது என்பது நியாயமான விதிதான். அந்தத் தேதியும் எல்லையும் கரையோர ஊர்களுக்கு முன்கூட்டியே தெளிவான தமிழில் போய்ச் சேர வேண்டும், தொழிலுக்குப் போக முடியாத நாட்களுக்கு உரிய இழப்பீடும் கிடைக்க வேண்டும். முதல் எஸ்.எஸ்.எல்.வி. அங்கிருந்து கிளம்புவதற்குள் அரசு இதற்கு ஏற்பாடு செய்துவிட வேண்டும்.