லித்தியம் சாப்பிடுபவருக்கு உப்பைக் குறைக்கக் கூடாது, ஏன்?

இருமுனை மனநோய்க்கு லித்தியம் மாத்திரை எழுதும் மருத்துவர், கூடவே இரத்தப் பரிசோதனைக்கும் சீட்டு எழுதுவார். பலருக்கு இது வீண்செலவாகப் படும். ஆனால் இந்த மருந்துக்கு அது கட்டாயம்.

1940-களின் இறுதியில் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், லித்தியம் உப்பை முதலில் கினிப் பன்றிகளுக்குச் செலுத்தினார். அவை மல்லாத்திப் போட்டாலும் அப்படியே கிடந்தன. பிறகு பித்துநிலையில் இருந்த பத்துப் பேருக்குக் கொடுத்தார்; கொந்தளிப்பு அடங்கியது. ஆனால் அவர் முதலில் குணப்படுத்திய நோயாளியே பின்னாளில் லித்தியம் நஞ்சேறி இறந்தார்.

காரணம், பயன்தரும் அளவும் நஞ்சாகும் அளவும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் நல்லது. 1.5-ஐத் தாண்டினால் கைநடுக்கம், வாந்தி, தள்ளாட்டம்.

லித்தியத்தைச் சிறுநீரகம் சோடியத்தைப் போலவே நடத்துகிறது. வயிற்றுப்போக்கிலோ கடும் வெயிலிலோ உப்பும் நீரும் குறைந்தால், சிறுநீரகம் சோடியத்தை இழுத்துப் பிடிக்கும். லித்தியமும் உள்ளேயே தங்கிவிடும். திடீரென்று உப்பில்லாப் பத்தியம் இருந்தாலும் இதே கதைதான். ஐபுப்ரொஃபேன் போன்ற வலிமாத்திரைகளும் அளவை ஏற்றும்.

நீண்டகாலத்தில் தைராய்டு மந்தமாகலாம், சிறுநீரகம் தளரலாம். அப்படியிருந்தும் இதை ஏன் கைவிடவில்லை? தற்கொலையைக் குறைப்பதில் இதற்கு இணையான மனநல மருந்துகள் மிகக் குறைவு. மூளைக்குள் அது எப்படி வேலை செய்கிறது என்பது இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை என்பது வேறு விஷயம்.

கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே பரிசோதனைக்கு இரத்தம் கொடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.