உதட்டடியில் ஒரு வெள்ளைப் பை

ஆத்தூரிலிருந்து ஜவ்வரிசி மூட்டைகளோடு புறப்படும் லாரியின் ஓட்டுநரும், மில்லில் கிழங்கு இறக்கும் தொழிலாளியும் பிடிக்கும் பீடி, சிகரெட்டை விடமுடியாமல் செய்வது நிகோட்டின் என்றாலும், உடலைக் கெடுப்பதில் பெரும்பங்கு புகையிலை எரியும்போது உண்டாகும் தாருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் உரியது. அந்தப் புகையிலுள்ள 7000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களில் 70 அளவிலானவை புற்றுநோயைத் தூண்டுபவை. எனவே புகையை விலக்கி நிகோட்டினை மட்டும் கொடுத்தால் சிகரெட்டைக் குறைக்கலாம் என்ற கணக்கை முன்வைத்து விற்கப்படுபவை நிகோட்டின் பைகள். புகையிலைத் தூள் இல்லாத இச்சிறு வெள்ளைப் பைகளில் நிகோட்டினும், தாவர நாரும், எச்சிலைக் காரமாக்கும் சோடியம் கார்பனேட் போன்ற உப்பும் இருக்கும். உதட்டுக்கும் ஈறுக்கும் இடையே வைத்தால், அக்காரச் சூழலில் நிகோட்டின் வாய்ச்சவ்வைக் கடந்து இரத்தத்தில் கலக்கிறது. புகைவழியே சில நொடிகளில் மூளையை எட்டும் நிகோட்டின், இவ்வழியில் உச்சத்தைத் தொடப் பல நிமிடங்கள் ஆவதால், முதல் இழுப்பின் கிளர்ச்சி இதில் கிடைப்பதில்லை.

ஸ்வீடனின் ஸ்னூஸ் என்னும் ஈரப் புகையிலையின் வழிவந்த இப்பைகளில் 20 வகைகளை விற்க, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் இசைந்தது. அவை பாதுகாப்பானவை என்று அது சான்றளிக்கவில்லை.

தமிழ்நாட்டின் நிலை வேறு. ஹான்ஸ் என்னும் புகையில்லாப் புகையிலையை உதட்டில் அடக்கும் பழக்கம் இங்கே வேரூன்றியது. 2016-17ஆம் ஆண்டின் உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பில், மாநிலத்தில் புகைப்போர் ஏறத்தாழ பத்தில் ஒருவர் என்றால், புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துவோரும் அதே அளவினரே. பைக்குள் புகையிலையை அடைத்த கூல் லிப் பள்ளி மாணவரிடம் பரவியதைக் கண்ட உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, நாடு முழுதும் அதை ஏன் தடைசெய்யக் கூடாது என்று 2024இல் கேட்டது. புதினா மணக்கும் வெள்ளைப் பை பெட்டிக்கடைச் சரத்தில் தொங்கினால், முதலில் கை நீட்டுபவர் நாற்பது வயதுப் புகைப்பாளராக இருப்பார் என்று நம்ப இடமில்லை.

'குறைத்தல்' என்பதிலும் ஓர் ஏமாற்றம் உண்டு. எண்ணிக்கையைக் குறைப்பவர் எஞ்சியவற்றை ஆழமாக இழுத்து ஈடுகட்டிக்கொள்வது வழக்கம். அதற்கும் மேலாக, நாளொன்றுக்கு ஒரே சிகரெட் பிடிப்பவருக்குக் கூடுதலாக நேரும் இதயநோய் ஆபத்து, இருபது பிடிப்பவருடையதில் ஏறத்தாழப் பாதி என்று 2018இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வுத்தொகுப்பு காட்டியது. ஆகவே குறைத்தல் முழுதாக விடுவதற்கான படியாக அமைந்தாலன்றி இதயத்துக்குப் பெரும்பயன் இல்லை.

அந்தப் படிக்கு மருந்தாகவே ஏற்கப்பட்ட பொருள் இங்கே முன்பே உண்டு: நிகோட்டின் மாற்று மருத்துவம் 2022இல் இந்தியாவின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. அவ்வகையில் எளிதான நிகோட்டின் சூயிங்கத்தை மிட்டாய்போல் மென்று தள்ளாமல், நாக்கில் சுரீர் என்றதும் மெல்லுவதை நிறுத்திக் கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும். காபியோ குளிர்பானமோ குடித்த கால் மணி நேரத்துக்குள் வாயிலிட்டால், அவற்றின் அமிலம் நிகோட்டின் உறிஞ்சப்படுவதைக் குறைத்துவிடும்.