மண்ணுளிப் பாம்புக்கு லட்சக்கணக்கில் விலையா? விவசாயிகளே, உஷார்!

பூந்தமல்லி, ஆவடி, திருநின்றவூர் பக்கம் வரப்பு வெட்டும்போதும், மனைக்காக பொக்லைன் இறங்கும்போதும் சில சமயம் மண்ணுளிப் பாம்பு வெளியே வரும். வால் மழுங்கி, தலை போலவே இருப்பதால் 'இருதலைப் பாம்பு' என்றும் சொல்வார்கள். இதற்கு விஷம் கிடையாது.

'இரண்டு கிலோ தேறினால் பல லட்சம்', 'மருந்துக்கு வெளிநாட்டில் வாங்குகிறார்கள்', 'வீட்டில் இருந்தால் செல்வம் பெருகும்' என்று ஆசை காட்டுவார்கள் தரகர்கள். மருந்து என்பதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை. செல்வம் பெருகும் என்பது வெறும் மூடநம்பிக்கை.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி, இந்தப் பாம்பைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். பச்சைக்கிளிக்கும் இதே சட்டம்தான். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி பச்சைக்கிளி விஷயத்தில் 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். உடும்பு, நட்சத்திர ஆமை போன்ற முதல் அட்டவணை உயிரினங்கள் என்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

'என் நிலத்தில் கிடைத்தது' என்ற பேச்சு எடுபடாது. பிடிபட்ட காட்டுயிர் அரசின் சொத்து. கடத்தப் பயன்பட்ட வண்டியும் பறிமுதலாகும். வனவிலங்கு குற்றத் தடுப்புப் பிரிவின் தென்மண்டல அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. வனத்துறையினர் வாங்குபவர் போலப் பேசிப் பிடிப்பதும் உண்டு. பேரம் பேச வருபவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது!

வயலில்தான் மதிப்பு

நெல் பொதி கட்டும் பருவத்தில் எலி வெட்டினால் அந்தத் தூர் திரும்பக் கதிர் வைக்காது. மண்ணுளிப் பாம்பு எலி வளைக்குள்ளேயே புகுந்து வேட்டையாடும். ஆந்தைக்காக வயலில் பறவை தாங்கி நடுகிறோமே, அந்த வேலையைச் செலவில்லாமல் மண்ணுக்குள் செய்வது இதுதான்.

கண்ணில் பட்டால்...

* வயலில் இருந்தால் தொடாமல் விடுங்கள்.
* வீட்டுக்குள் வந்தால் அடிக்காமல் வனத்துறைக்கோ, தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள்.
* கையில் சிக்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறையிடமோ, காவல் நிலையத்திலோ தகவல் தர வேண்டும்.
* போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் விலை கேட்காதீர்கள்.
* தரகர் வந்தால் முன்பணம் வாங்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். 112-க்கு அழையுங்கள்.