சாவடியில் வரிசை, கணக்கில் நிலுவை

சுங்கச்சாவடியில் வாகனங்கள் வரிசைகட்டி நிற்கையில், அச்சாலைக்கு அளித்த கடன் மட்டும் எவ்வாறு வாராக்கடனாகிறது என வாடிக்கையாளர்கள் எங்களிடம் வினவுவதுண்டு. நியாயமான ஐயமே.

கட்டி, இயக்கி, ஒப்படைக்கும் முறையில் அமையும் சாலைக்குப் பெரும்பகுதிப் பணம் வங்கிக் கடனாகவே வருகிறது. நிலம் கைக்கு வரத் தாமதமானால் கட்டண வசூல் தொடங்காது, வட்டியோ நிற்காது. அது திட்டச் செலவில் சேர்ந்து அசலாகிவிடும். முதல் வண்டி கட்டணம் செலுத்தும் நாளிலேயே கடன் பருத்திருக்கும்.

அடுத்தது போக்குவரத்து மதிப்பீடு. குறித்த ஆண்டில் எதிர்பார்த்த அளவு வாகனங்கள் வராவிட்டால், மாதிரி ஒப்பந்தப்படி வசூல் உரிமைக் காலத்தை அதிகபட்சம் 20 விழுக்காடு நீட்டிக்கலாம். 20 ஆண்டு 24 ஆகலாம். ஆனால் அந்த நான்கு ஆண்டுகள் கடைசியில் வருகின்றன. தவணை இந்தக் காலாண்டிலேயே வருகிறது. நாங்கள் கடனாகத் தந்ததோ, பெரும்பாலும் சில ஆண்டுகளில் முதிரும் உங்கள் வைப்புநிதி.

2016இல் வந்த கலப்பு ஆண்டுத்தொகை முறையில், திட்டச் செலவில் 40 விழுக்காட்டை அரசுத் தரப்பு கட்டுமானத்தின்போதே தருகிறது. மீதி 15 ஆண்டுகளில் வட்டியுடன் வந்து சேரும். வாகனம் குறைந்தால் ஏற்படும் இழப்பு தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கே. சுமை மறையவில்லை, தோள் மாறியது. 2022 மார்ச்சில் ஆணையத்தின் கடன் ஏறத்தாழ 3.5 லட்சம் கோடி ரூபாய்.

ஆகவே சாலைக் கடன் கோப்பு வந்தால், வாகனக் கணிப்புக்கு முன்பாக, 80 விழுக்காடு நிலமேனும் கைக்கு வந்துவிட்டதா என்றே நாங்கள் பார்க்கிறோம்.