மீனுக்கு ஊசி போட்டவர்!

கடலுக்குள் 300 அடி ஆழம். மேலே வெயில் கொளுத்துகிறது. கீழேயோ, பொழுது சாய்ந்த பிறகு இருப்பது போல மங்கிய நீல வெளிச்சம். விளக்கை அடித்தால்தான் மீன்களின் சிவப்பும் மஞ்சளும் தெரியும்.

பாறை இடுக்கில் ஒரு சின்ன மீன். எதிரே, கையில் வலையுடன் ஒரு மனிதர். அவசரப்பட்டால் மீன் பொந்துக்குள் ஓடிவிடும். தாமதிக்கவும் முடியாது. அவர் அங்கே இருக்கக்கூடியது கால் மணி நேரம், மிஞ்சினால் 20 நிமிடம்.

திரும்பி மேலே வர எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? பல மணி நேரம்!

இது ஹவாய்த் தீவுகளில் நடக்கும் மீன் வேட்டை. பசிபிக் கடலில் உள்ள இந்தத் தீவுகள் அமெரிக்காவைச் சேர்ந்தவை. இங்குள்ள பவளப்பாறை மீன்களில் ஏறக்குறைய நாலில் ஒரு வகை, உலகில் வேறு எங்கும் கிடையாது.

கோலி சோடா

இறங்குவதில் இல்லை ஆபத்து, ஏறுவதில்தான் இருக்கிறது.

90 மீட்டர் ஆழத்தில், தரையில் உள்ளதைப் போல் 10 மடங்கு அழுத்தம். அங்கே மூச்சு விடும்போது காற்று ரத்தத்திலும் சதையிலும் கரைந்துவிடுகிறது. வேகமாக மேலே வந்தால்? கோலி சோடாவைத் திறந்த கதைதான். 'புஸ்' என்று குமிழி கிளம்பும். உடம்புக்குள் குமிழி கிளம்பினால் கை கால் விழுந்துவிடும். உயிரும் போகலாம்.

மீனுக்கும் இதே கதி! மிதப்பதற்காக அதன் வயிற்றில் ஒரு காற்றுப்பை உண்டு. நேரே மேலே தூக்கினால் அந்தக் காற்று 10 மடங்கு பெருக்கப் பார்க்கும். குடல் நசுங்கும்.

ஆகவே, பிடித்தவர் பாதி வழியில் நின்று, மெல்லிய ஊசியை மீனின் விலாவில் குத்துவார். காற்று வெளியேறும். மீன் பிழைத்துக்கொள்ளும்.

19 வயதில்

ஹொனலூலு நகரில் பிஷப் மியூசியம் இருக்கிறது. அங்கே மீன் ஆராய்ச்சி செய்பவர் ரிச்சர்டு பைல். 1986-ல் அவருக்கு வயது 19. பலாவ் தீவில் ஆழத்தில் இருந்தபோது காற்று தீர்ந்துவிட்டது. அவசரமாக மேலே வந்தார். கை கால் விழுந்தது. சிகிச்சைக்குப் பிறகே எழுந்து நடந்தார்.

வேறொருவராக இருந்தால் கடல் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார். பைல் மறுபடியும் இறங்கினார்!

அவர் ஒன்றைக் கவனித்தார். சில நாள் கரையேறியதும் உடம்பு அடித்துப்போட்டது போல் இருக்கும். சில நாள் அசதியே இராது. என்ன காரணம்? யோசித்தபோது புரிந்தது. அசதி இல்லாத நாள் எல்லாம் மீன் கிடைத்த நாள்! மீனுக்கு ஊசி போட வழியில் இரண்டு மூன்று நிமிடம் நிற்பார் அல்லவா? அந்த ஓய்வில் அவர் உடம்பும் சற்று இளைப்பாறியது.

இந்த நிறுத்தத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஆனால் எல்லாரும் இதை ஒப்பவில்லை. மேல்மட்டத்தில் நிற்க வேண்டிய நேரத்தை ஆழத்தில் நின்று கழித்தால் நோய் கூடுகிறது என்று அமெரிக்கக் கடற்படையின் சோதனை ஒன்று 2011-ல் சொன்னது. வாதம் இன்னும் ஓயவில்லை.

ஒபாமா மீன்

ஆழத்தில் சாதாரணக் காற்று, கள் குடித்தவன் போல் கிறங்க வைக்கும். அதனால் ஹீலியம் கலந்த காற்றைக் கொண்டுபோகிறார்கள். (அதைச் சுவாசித்தால் குரல் கீச்சுக் கீச்சென்று ஆகிவிடும்!) விட்ட மூச்சையே சுத்தம் செய்து, ஆக்சிஜன் சேர்த்துத் திருப்பித் தரும் கருவியும் முதுகில் இருக்கும். குமிழிச் சத்தம் இல்லாததால் மீன்கள் மிரள்வதில்லை.

2016 ஜூன் மாதம், ஹொனலூலுவிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள கூரே தீவில் பைலும் தோழர்களும் 300 அடி இறங்கினார்கள். விரல் நீளத்தில் ஒரு புது மீன் சிக்கியது. ஆண் மீனின் முதுகுத் துடுப்பில், நீல வளையத்துக்குள் சிவப்புப் பொட்டு! அந்தக் கடலைக் காக்கும் எல்லையை விரிவாக்கிய ஜனாதிபதி ஒபாமாவின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள்.

இப்போது ஊசிக்கும் மாற்று வந்துவிட்டது. சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா அறிவியல் கழகத்தார் ஒரு கூண்டு செய்தார்கள். கடலுக்குள்ளேயே மீனை அதில் விட்டு மூடிவிடலாம். ஆழத்து அழுத்தம் குறையாமல் மீன் மேலே வரும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் குறைப்பார்கள்.

பிடித்த மனிதர் அன்று மாலையே கரையில் நடமாடுவார். மீன் கூண்டை விட்டு வெளியே வரச் சில நாட்கள் ஆகும்.