மேசைமேல் ஒரு யந்திரம் – 17: கதவிலக்கம் உண்டு, வீடு இல்லை

தூக்கம் கலைந்து எழும் மனிதன் கையையும் காலையும் நீட்டிப் பார்த்துக்கொள்வது போல, மின்சாரம் பாய்ந்ததும் கணினியும் தன் அங்கங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். அந்த வாக்கியத்தை இந்த வாரம் நானே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. யந்திரம் எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை. "யார் அங்கே?" என்று குரல் கொடுக்கிறது; "நான்தான்" என்று பதில் வந்தால் அப்படியே நம்பிவிடுகிறது. இந்த வித்தியாசம் அற்பமானதன்று என்பதை எனக்கு உணர்த்தியவர் எங்கள் தெருக்கோடியில் வசிக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர்.

அவருடைய கணினியில் முன்பு ஒரு டி.வி.டி. டிரைவ் இருந்தது. தட்டு வெளியே வராமல் சிக்கிக்கொண்டு ஓயாமல் உபத்திரவம் கொடுத்ததால், அதைக் கழற்றியெடுத்து, இருந்த இடத்தைக் கறுப்பு பிளாஸ்டிக் மூடியால் அடைத்து இரண்டு வருஷங்கள் ஆகின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் என்னை அழைத்து வந்து உட்கார வைத்துத் திரையைச் சுட்டிக் காட்டினார். 'எஃப்' என்றும் 'ஜி' என்றும் எழுத்துகளைத் தாங்கிக்கொண்டு, பளபளக்கும் தகட்டின் படத்தோடு, இரண்டு டிரைவ்கள் அங்கே சாவதானமாக வீற்றிருந்தன.

"தம்பி, பொட்டியில ஓட்டையை அடைச்சாச்சு. இது எங்கேயிருந்து வந்துது? ஒண்ணு போன இடத்துல ரெண்டு வந்திருக்கே!"

ஒன்றைச் சொடுக்கினேன். தகட்டைச் செருகும்படி ஓர் ஏவல் வந்தது. எங்கே செருகுவது என்று தலைமையாசிரியர் கேட்ட கேள்விக்கு யந்திரத்திடமும் பதில் இல்லை, அப்போதைக்கு என்னிடமும் இல்லை.

இல்லாத டிரைவ் இருப்பதாகத் தோன்றுவது கணினி உலகில் புதிய அதிசயம் அன்று. 1981-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனிக் கணினி வெளிவந்த காலத்தில் 'ஏ', 'பி' என்ற இரண்டு எழுத்துகளும் பிளாப்பி டிரைவ்களுக்கு உரியனவாக இருந்தன. இரண்டு டிரைவ் வாங்க வசதியில்லாமல் ஒன்றோடு நிறுத்திக்கொண்டவர், ஒரு தட்டில் இருப்பதை மற்றொரு தட்டுக்கு நகலெடுக்க விரும்பினால் என்ன செய்வார்? அதற்கு டாஸ் என்னும் இயக்க முறை ஓர் உபாயம் வைத்திருந்தது. இருக்கும் ஒரே டிரைவுக்கு இரண்டு பெயரையும் சூட்டிவிட்டு, 'பி'யின் முறை வரும்போது, "பி டிரைவுக்குரிய தட்டைப் போட்டுவிட்டு ஏதேனும் ஒரு விசையை அழுத்துக" என்று கேட்டுக்கொள்ளும். ஆள் குறைந்த நாடகக் கம்பெனியில் ஒருவரே தலைப்பாகையை மாற்றிக்கொண்டு ராஜாவாகவும் சேவகனாகவும் வந்து போவதைப் போன்ற ஏற்பாடு அது. 1983-இல் பத்து மெகாபைட் வன்தட்டுடன் எக்ஸ்.டி. என்ற மாதிரி வந்தபோது, முதல் இரண்டு எழுத்துகளும் ஏற்கெனவே பிளாப்பிகளுக்குப் பட்டயம் செய்யப்பட்டிருந்தபடியால், வன்தட்டு 'சி'யில் குடியேறியது. பிளாப்பி உலகத்தை விட்டே போய்விட்டது. வன்தட்டு மட்டும் இன்றும் 'சி'யாகவே வாழ்கிறது.

ஆகவே, இந்த எழுத்தை டிரைவின் பெயர் என்று கொள்வதைவிட ஒரு கதவிலக்கம் என்று கொள்வதே பொருத்தம். வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு இலக்கம் கொடுக்கிற அதிகாரி இங்கே கிடையாது. "நான் ஒரு டிரைவ்" என்று முறைப்படி விண்ணப்பிப்பது எதுவாயினும் அதற்கு ஓர் எழுத்து கிடைத்துவிடும். அவ்வாறு விண்ணப்பிக்கிற சிறு நிரலுக்கு டிரைவர் என்று பெயர். நம் ஊரில் டிரைவர் என்றதும் வண்டி ஓட்டுகிறவர் நினைவுக்கு வருவது இந்த இடத்தில் ஒரு சௌகரியம். ஏனென்றால், வண்டியே வாங்காத வீட்டில் டிரைவர் மட்டும் சம்பளத்துக்கு அமர்ந்துகொண்டு, கையால் ஸ்டியரிங்கைத் திருப்பி, வாயால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தால் எப்படியிருக்குமோ, அதுவே நாம் இப்போது ஆராயப் புகுந்த விவகாரம்.

இந்தப் பொய்ச்சாட்சியத்தை வேண்டுமென்றே சொல்லும் சாதனங்களும் உண்டு. 2000-களின் தொடக்க கால விண்டோஸ், குறுந்தகடு ஒன்றைப் போட்டவுடன் அதிலுள்ள நிரலைத் தானாகவே இயக்கத் தொடங்கிவிடும்; யூ.எஸ்.பி. நினைவுக்குச்சிக்கு அந்தச் சலுகை இல்லை. இதைக் கவனித்த தயாரிப்பாளர்கள், குச்சியின் ஒரு பகுதியைக் குறுந்தகடு வேஷத்தில் அனுப்பினார்கள். 2005-ஐ ஒட்டி வந்த 'யூ3' வகைக் குச்சிகள் இத்தகையவை. கையகல மூன்றாம் தலைமுறை இணைய மோடம்களும் அவ்வாறே செய்தன: செருகியவுடன் தகடாகத் தோன்றித் தமக்கு வேண்டிய டிரைவரைத் தாமே நிறுவிக்கொண்டு, பிறகு வேஷத்தைக் கலைத்து மோடமாகிவிடும். லினக்ஸில் அந்த வேஷத்தைக் கலைப்பதற்கென்றே 'யூ.எஸ்.பி. மோட்ஸ்விட்ச்' என்று ஒரு தனி நிரலை எழுத வேண்டியிருந்தது என்றால், வேஷம் எவ்வளவு அழுத்தமாக ஒட்டியிருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆதலால் என் விசாரணையை அங்கிருந்தே தொடங்கினேன். விசைப்பலகையையும் சுட்டியையும் தவிர, கணினியில் செருகியிருந்த யாவற்றையும் பிடுங்கினேன். இரண்டு டிரைவ்களும் அசையவில்லை. அடுத்த சந்தேகம் ஐ.எஸ்.ஓ. என்னும் கோப்பின் மேல் விழுந்தது. ஒரு தகட்டின் முழு உள்ளடக்கத்தையும் அப்படியே பிரதியெடுத்து ஒரே கோப்பாகக் கட்டி வைத்திருப்பதற்கு அந்தப் பெயர். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, அத்தகைய கோப்பை இருமுறை சொடுக்கினாலே அது ஒரு டிரைவாக எழுந்து நின்றுவிடும். விஷயம் தெரியாதவர் திடுக்கிடுவார். ஆனால் அதற்குப் பரிகாரமும் சுலபம்: அந்த டிரைவின்மேல் வலது சொடுக்கி 'இஜெக்ட்' என்றால் இறங்கிவிடும், கணினியை 'ரீஸ்டார்ட்' கொடுத்து மறுபடி தொடங்கினாலும் மறைந்துவிடும். நாங்கள் மறுபடி தொடங்கிப் பார்த்தோம். எஃப்பும் ஜி-யும் குளித்துவிட்டு வந்தவை போல முன்னிலும் தெளிவாகத் தோன்றின.

மிஞ்சியது ஒன்றே. வேஷதாரி வெளியில் இல்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்.

கணினியின் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, 'வியூ' பட்டியலில் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' என்பதைத் தேர்ந்துகொண்டேன். டி.வி.டி. டிரைவ்கள் என்ற தலைப்பின் கீழ் மூன்று பெயர்கள் வந்தன. முதற்பெயர் மங்கிக் கிடந்தது. கழற்றி எறியப்பட்ட அந்தப் பழைய டிரைவின் பெயர் அது. ஒரு காலத்தில் இருந்தது, இப்போது இல்லை என்பதைத்தான் அந்த மங்கல் குறிக்கிறது. மற்ற இரண்டு பெயர்களும் பளிச்சென்று எழுதப்பட்டிருந்தன. உண்மையில் வாழ்ந்து மறைந்தது மங்கலாகவும், பிறக்கவே பிறக்காதவை பிரகாசமாகவும் அந்தப் பட்டியலில் அடுத்தடுத்து நின்ற காட்சியைத் தலைமையாசிரியர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

பிரகாசமான இரண்டையும் நீக்கினேன். போயின. கணினியை மறுபடி தொடங்கினேன். வந்துவிட்டன.

பலர் மனம் தளர்ந்து, 'இது வைரஸ்' என்று தீர்ப்பளித்துவிடுவது இந்தக் கட்டத்தில்தான். பிள்ளைகளை விரட்டினேனே தவிர, பெற்றவனை நான் விசாரிக்கவில்லை. டிரைவ் எதுவாயினும் அதை ஆளும் கன்ட்ரோலர் ஒன்றின் கீழ்த்தான் தொங்கியாக வேண்டும். அதே டிவைஸ் மேனேஜரில் 'ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்ஸ்' என்ற தலைப்பைப் பிரித்தபோது, பெயரிலேயே 'வர்ச்சுவல்' (மெய்நிகர்) என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு கன்ட்ரோலர் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு முறை கணினி விழித்தெழும்போதும், தன்னிடம் இரண்டு டிரைவ்கள் இருப்பதாகச் சத்தியம் செய்துகொண்டிருந்தது அதுவே.

வெளியூரில் படிக்கும் பேரனைத் தொலைபேசியில் கூப்பிட்டார் பெரியவர். விடுமுறையில் வந்திருந்தபோது, தகடு போட்டால்தான் ஆட முடியும் என்று அடம்பிடிக்கும் பழைய விளையாட்டு ஒன்றுக்காக, பொய் டிரைவ் உண்டாக்கும் மென்பொருள் ஒன்றை அவன் நிறுவியிருக்கிறான்.

"அதை ஊருக்குக் கெளம்புறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேனே, தாத்தா."

அவன் பொய் சொல்லவில்லை. மென்பொருள் போய்விட்டது, அது அமர்த்திய டிரைவர் போகவில்லை. எஜமானன் காலி செய்த பிறகும் வாசலில் நின்று வேலை பார்க்கும் விசுவாசி அது. அந்தக் கன்ட்ரோலரை டிரைவரோடு சேர்த்து நீக்கிவிட்டு மறுபடி தொடங்கியபோது, எஃப்பும் ஜி-யும் சுவடின்றி மறைந்திருந்தன.

வாசகர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, 'ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்ஸ்' தலைப்பின் கீழ் உங்கள் வன்தட்டைத் தாங்கும் உண்மையான கன்ட்ரோலரும் இருக்கக்கூடும். பெயரைப் படித்துத் தெளியாமல் அதை நீக்கினால் கணினி எழுந்திராமலே போகலாம். இரண்டாவது, தகட்டுத் தொல்லை என்று சொன்னவுடனே, விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் 'அப்பர்ஃபில்டர்ஸ்', 'லோயர்ஃபில்டர்ஸ்' என்ற பதிவுகளை அழித்துவிடும்படி உபதேசிப்பவர்கள் உண்டு. அது, இருக்கிற டிரைவ் தெரியாமல் போகும் நோய்க்குச் சொன்ன மருந்து. நம்முடையதோ இல்லாத டிரைவ் தெரிகிற நோய். ஒன்றுக்கு உரிய மருந்தை மற்றதற்குக் கொடுப்பது வைத்தியமாகாது. ரெஜிஸ்ட்ரியில் கைவைத்தே தீர வேண்டுமென்றால் அதற்கொரு பிரதியை முன்னதாக எடுத்துவைப்பதே விவேகம்.

காப்பி வந்தது. தலைமையாசிரியர் இரண்டு வாய் குடித்துவிட்டு, திரையில் தனியாக நின்ற 'சி'யைப் பார்த்தபடி கேட்டார்: "அப்ப இது ஒண்ணாவது நெசந்தானே, தம்பி?"

"நெசந்தான், ஐயா. பொட்டியைத் திறந்தா கையில எடுத்தே காட்டலாம்."

"நாம பாக்கலாம், சரி. அது பாத்திருக்கா?"

நாற்பது வருஷம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டவரிடம் தப்ப முடியுமா? இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. சி-யையும் யந்திரம் பார்த்ததில்லை. எஃப்பை எந்த ஆதாரத்தின்மேல் நம்பியதோ, அதே ஆதாரத்தின்மேல்தான், ஒரு டிரைவரின் வாய்ச்சொல்லின்மேல்தான், சி-யையும் நம்பிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் வேற்றுமை தெரிவது திருப்புளி வைத்திருக்கும் நமக்கு மட்டுமே.

சி-யின் உள்ளேயும் இப்படியொரு கதை நடக்கிறது: கெட்டுப்போன அறையில் இருந்தவர் சத்தமில்லாமல் வேறோர் அறைக்கு மாறிவிட, கதவிலக்கம் மட்டும் பழையபடியே நீடிக்கும் கதை. அடுத்த இதழில் அதைப் பார்ப்போம்.

(தொடரும்)