சுவரிற் படரும் கனிமரம்

கனிமரம் ஒன்றைத் தன் போக்கில் வளரவிட்டால் அது நாற்புறமும் கிளைவிட்டுக் குடைபோல் விரியும். அவ்வாறு விரியவிடாமல், இடப்புறமும் வலப்புறமும் மட்டுமே கிளைகள் நீளுமாறு கட்டி, சுவரோடோ கம்பி வேலியோடோ தட்டையாகப் படியச் செய்யும் முறை ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக வழங்கி வருகிறது. பிரெஞ்சு மொழியில் இதற்கு ‘எஸ்பாலியே’ என்று பெயர். தோள் சாய்த்துக்கொள்ளும் இடத்தைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லினின்று பிறந்த பெயர் அது. பார்ப்பவர் கண்ணுக்கு இஃது அரண்மனைத் தோட்டத்து அலங்காரமாகவே தோன்றும். ஆயினும், இம்முறையின் உள்ளே இரண்டு வெவ்வேறு காரியங்கள் நடைபெறுகின்றன. சுவர் வெப்பத்தைத் தருகிறது. வளைத்தல் காய்ப்பைத் தருகிறது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் குளிர்நாட்டு முறையை வெயில்நாட்டிற்கு அப்படியே கொண்டுவந்தால் மரம் கருகுமேயன்றிக் காய்க்காது.

சுவரின் பயனை அறிய, பாரிஸ் நகரின் கிழக்கே உள்ள மோந்த்ரேய் என்னும் ஊரைக் காண்பது நலம். பீச் மரம் சீன தேசத்தில் தோன்றியது. அஃது இளவேனிலின் தொடக்கத்திலேயே பூக்கும் இயல்புடையது. பாரிஸ் வட்டாரத்திலோ அக்காலத்திலும் உறைபனி விழும். ஒரே இரவுப் பனியில் அவ்வாண்டின் பூவெல்லாம் கருகிவிடலாம். இந்த இடரை மோந்த்ரேய் விவசாயிகள் 17-ஆம் நூற்றாண்டு முதல் சுவர்களைக்கொண்டே எதிர்த்து நின்றனர். நிலத்தைக் குறுகிய பாத்திகளாகப் பிரித்து, ஆள் உயரத்தினும் மிகுந்த கற்சுவர்களை எழுப்பி, அவ்வட்டாரத்திலேயே கிடைத்த ஜிப்சத்தைச் சுட்டுப் பொடித்த சாந்தைப் பூசினர். பெரும்பாலான சுவர்கள் வடக்குத் தெற்காக ஓடின. ஆதலால் காலையில் ஒரு முகமும் மாலையில் மறு முகமும் வெயில் பெற்றன. பகலில் உண்ட வெப்பத்தைச் சுவர் இரவில் மெல்ல வெளிவிட, அதை ஒட்டியிருந்த பூக்கள் பனிக்குத் தப்பின. சுவரின் உச்சியில் தாழ்வாரம்போல் நீட்டிய ஓட்டு விளிம்பு மழைநீரை அப்பாற் சொட்டச் செய்தது. இலை நனைவதால் பரவும் இலைச்சுருட்டை என்னும் பூஞ்சண நோயும் அதனால் ஓரளவு குறைந்தது.

கிளைகளைக் கட்டிய விதமும் எளியதே. பழந்துணிக் கீற்றால் கிளையைச் சுற்றி, கீற்றின் இரு நுனிகளையும் சேர்த்து மென்மையான சாந்துப் பூச்சில் ஆணியால் அறைந்தனர். கயிறு கிளையை அறுக்கும், துணி அறுக்காது. செலவும் இல்லை. 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவ்வூர்ச் சுவர்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் என்றும், ஆண்டுக்கு 1 கோடியே 70 லட்சம் பீச் பழங்கள் விளைந்தன என்றும் கணக்கிட்டுள்ளனர். பின்னர் இருப்புப் பாதை வந்தது. தென்பிரான்ஸில் திறந்தவெளியில், சுவர்ச் செலவும் ஆணியறையும் கூலியும் இன்றி விளைந்த பழம் குறைந்த விலைக்குப் பாரிஸ் சந்தையை அடைந்தது. சிறு பாத்தி விவசாயிகளால் போட்டியிட இயலவில்லை. சுவர்கள் ஒவ்வொன்றாக இடிந்தன. நிலம் வீட்டு மனைகளாயிற்று. எஞ்சியவற்றுள் ஏறத்தாழ 8.5 ஹெக்டேர் பரப்பை 2003-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தது. பழம் விளைவிக்கும் நுட்பம் எத்துணைச் சிறந்ததாயினும், கூலியும் போக்குவரத்தும் அதன் ஆயுளை நிர்ணயிக்கின்றன என்பதை விரிவாக்கப் பணியாளர்கள் இங்கே கவனிக்கலாம்.

இனி, வளைத்தலின் பயன். நிமிர்ந்து வளரும் கிளையின் நுனிக்குருத்து, ஆக்ஸின் என்னும் வளர்ச்சி ஊக்கியைக் கீழ்நோக்கி அனுப்பிக் கொண்டிருக்கிறது. அதன் விளைவாகக் கீழேயுள்ள பக்க மொட்டுகள் உறங்கிக் கிடக்கின்றன. நுனியைக் கிள்ளிவிட்டு அவ்விடத்தில் ஆக்ஸினை வைத்தால் மொட்டுகள் எழாமலே இருப்பதைத் திமன், ஸ்கூக் என்னும் இரு விஞ்ஞானிகள் 1933-இல் அவரைச் செடியினம் ஒன்றில் காட்டினர். நுனியை அகற்றியதும் மிச்சப்படும் சர்க்கரை பக்க மொட்டுகளுக்கு விரைந்து சேர்வதே அவை விழிப்பதற்கு முதற் காரணம் என்பது 2014-இல் பட்டாணிச் செடியில் நடந்த ஆய்வில் தெரியவந்தது. கிளையைப் படுக்கைவாட்டில் வளைக்கும்போது நுனியின் ஆதிக்கம் தளர்கிறது. நீள வளர்ச்சி குன்றுகிறது. கிளை நெடுகிலும் மொட்டுகள் விழிக்கின்றன. ஆப்பிள், பேரி ஆகியவற்றில் அவை காய் தாங்கும் குறுங்கிளைகளாகின்றன. மரம் மெல்லிய திரைபோல் இருப்பதால் ஒவ்வோர் இலைக்கும் வெளிச்சம் எட்டுகிறது. மருந்து தெளிப்பதும் பழம் பறிப்பதும் தரையில் நின்றபடியே முடிகின்றன.

ஆசிரியர்கள் இதைப் பள்ளித் தோட்டத்திலேயே காட்டலாம். கொடிரோஜாவின் ஒத்த வயதுடைய இரு நெடுங்கிளைகளில் ஒன்றை நிமிர்த்தும் மற்றொன்றைப் படுக்கவைத்தும் கட்டினால் போதும். நிமிர்ந்தது உச்சியில் மட்டும் துளிர்க்கும். படுத்தது பல கணுக்களில் துளிர்க்கும்.

கம்பியில் மரம் பழக்குவோர் முதற் கம்பியைத் தரையிலிருந்து ஏறத்தாழ 45 செ.மீ. உயரத்தில் கட்டி, நட்ட கன்றை அவ்வுயரத்திற்கே வெட்டிவிடுகின்றனர். மேலே எழும் மூன்று துளிர்களில் நடுவிலுள்ளது அடுத்த கம்பியை நோக்கிச் செல்லும்; மற்ற இரண்டும் இருபுறக் கைகளாகும். இக்கைகளை உடனே படுக்கவைத்துவிடுவதே பலரும் செய்யும் பிழை. படுத்த கிளை நீளாது என்று மேலே கண்டோம். ஆகையால் வளரும் பருவம் முழுவதும் அவற்றைச் சாய்வாக, பாதி நிமிர்ந்த நிலையில் மூங்கிற் குச்சியோடு கட்டிவைத்து, பருவம் முடிந்த பிறகே கம்பிக்குத் தாழ்த்த வேண்டும். ஒரு கை மற்றதைவிட நலிந்திருந்தால், நலிந்ததைச் சற்று உயர்த்தியும் கொழுத்ததைத் தாழ்த்தியும் கட்டினால், தராசுத் தட்டுகள்போல் சில வாரங்களில் இரண்டும் சமமாகிவிடும். கத்தியினும் கட்டுக்கே இங்கு வேலை அதிகம். ஆண்டுக்கு ஓர் அடுக்காக மூன்று, நான்கு அடுக்குகள் எழுந்தபின் கோடைக் கவாத்து மட்டுமே தொடரும். கைகளினின்று நேராக எழும் கொம்புகளை அடியிலைக் கொத்துக்கு மேல் மூன்றிலை விட்டு நறுக்குவர்.

பீச் மரத்திற்கு இந்த அடுக்குமுறை ஒவ்வாது. அது முந்திய ஆண்டின் கொம்பில் மட்டுமே காய்க்கும். காய்த்த கொம்பை அகற்றி, அதன் அடியில் எழுந்த புதுக் கொம்பை அவ்விடத்தில் அமர்த்த வேண்டியிருப்பதால் விசிறி வடிவமே அதற்குத் தக்கது.

நம் நாட்டுச் சமவெளிகளில் சுவர் வேண்டவே வேண்டாம். கோடையில் மேற்கு வெயில் ஏறிய சுவர், இலையையும் பிஞ்சையும் தீய்த்துவிடும். ஆனால் வளைத்தலுக்கு இங்கும் இடமுண்டு. மேற்கு வங்கத்தில் கொய்யாக் கிளைகளின் நுனியில் சுமார் 1 அடி நீளத்திற்கு இலையை விட்டு, ஏனைய இலை, பூ, பிஞ்சுகளைக் களைந்து, கிளையை வளைத்து முளையில் கட்டுகின்றனர். கொய்யா புதுத் துளிரில் பூப்பது. ஆகவே வளைந்த கிளை நெடுகிலும் எழும் துளிர்களே பூக்களைத் தாங்குகின்றன. வளைக்கும் மாதத்தைத் தேர்ந்து, சந்தையில் வரத்துக் குறைந்த காலத்தில் பழம் பெறுவதற்கு இது வழி செய்கிறது.

இமாசலப் பிரதேசத்திலும் காஷ்மீரத்திலும் எம் 9 போன்ற குட்டை வேர்ச்செடிகளில் ஒட்டிய ஆப்பிள் மரங்கள் கம்பி வரிசைகளில் நெருக்கமாக நடப்பட்டு வருகின்றன. இவற்றில் பெரும்பாலும் நடுத்தண்டை நிமிரவிட்டுப் பக்கக் கிளைகளை மட்டும் தாழ்த்துகின்றனர் எனினும், அடிப்படைத் தத்துவம் ஒன்றே. இவ்வேர்ச்செடி பிரிட்டனின் கெண்ட் மாவட்டத்து ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்தில் வகைப்படுத்தப்பட்டது. இதன் வேர்கள் ஆழம் செல்லாதவை, எளிதில் முறியக்கூடியவை. காய்ச்சுமையோடு காற்றடித்தால் தாங்குகம்பி இல்லாத மரம் சாயும். நீர் தவறினால் மேல்மண்ணிலுள்ள வேர் முதலில் வாடும். மானாவாரிச் சரிவில் நிலமுள்ள சிறு விவசாயிக்கு இதைப் பரிந்துரைக்குமுன், கம்பம், கம்பி, கன்று ஆகியவற்றின் செலவோடு கோடை மாதங்களில் அவர் கையில் எவ்வளவு நீர் உள்ளது என்பதையும் நேரிற் சென்று பார்த்தறிவது களப்பணியாளரின் கடமை. நீர் உறுதியில்லாத இடத்தில், ஆழ வேரோடும் விதைக்கன்று வேர்ச்செடியில் ஒட்டிய மரமே இன்றும் ஏற்றது.